மேடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பதவிப் பெயர் தேவையா? ‘லைட் பாய்’ என்று எத்தனை நாள் கூப்பிடுவது?

விங்_ஓரம் எழுதியது:

சென்னையில் ஒரு நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் பார்க்கிறேன். பகலில் வேறு வேலை, இதில் ஷோவுக்கு இவ்வளவு என்று ஒரு கவர் வரும், அவ்வளவுதான். ஒத்திகைக்கு முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறப்பது, தரையில் டேப் ஒட்டி வாசல் எங்கே சோபா எங்கே என்று குறிப்பது, வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது, யார் எந்தப் பக்கமிருந்து உள்ளே வருகிறார்கள் என்று ஸ்கிரிப்டில் எழுதி வைப்பது, ஷோ அன்று கண்ணாடி, கடிதம், டம்ளர் எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி எடுத்தவர்கள் திருப்பி வைத்தார்களா என்று பார்ப்பது, லைட்டுக்கும் சவுண்டுக்கும் ‘இப்போது போடு’ என்று க்யூ சொல்வது, எல்லாம் நான்தான். அழைப்பிதழில் கதை வசனம் இயக்கம் பெரிய எழுத்தில், அப்புறம் நடிகர்கள், கடைசி வரியில் “மேடை உதவி: நண்பர்கள்”. அந்த நண்பர்களில் நான் ஒருத்தி.

போன ஷோ முடிந்ததும் எல்லாரையும் மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்தினார்கள். என்னைக் காட்டி இயக்குநர், “இது நம்ம வீட்டுப் பொண்ணு, எல்லாத்தையும் பாத்துக்கும்” என்றார். கைதட்டினார்கள். சரி, அன்பாகச் சொன்னது என்று விட்டுவிட்டேன். ஆனால் லைட் போடுகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அவரை மைக்கிலேயே “நம்ம லைட் பாய்” என்றார்கள், பெயர்கூடச் சொல்லவில்லை. சொன்ன பையன் காலேஜை இப்போதுதான் முடித்திருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வயர் சுற்றப் போய்விட்டார்.

இப்போது புது நாடகம். இயக்குநரின் நண்பர் ஒருவர் லேப்டாப்பில் பின்னணிப் படம் ஓட்டப் போகிறார், அவர் பெயருக்கு முன்னால் “டெக்னிக்கல் டைரக்டர்” என்று போடப் போகிறார்களாம். இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு “மேடை மேலாளர்” என்று போடச் சொல்லிக் கேட்கலாமா? லைட் அண்ணனுக்கும் சேர்த்துக் கேட்கலாமா? கேட்டால் தலைக்கனம் என்பார்களா? பெயர் மாறினால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா, அல்லது அது வெறும் அச்சுப் பிழை திருத்தம் மாதிரிதானா? இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பழைய_டிம்மர்:

தங்கச்சி, நான் சபாக்களில் லைட் போட்டே காலத்தை ஓட்டியவன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கையால் திருப்புகிற டிம்மர் பெட்டி காலத்திலிருந்து இருக்கிறேன், அந்தப் பெட்டி சூட்டில் உள்ளங்கை காய்த்துப் போகும். எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “லைட், இங்க வாப்பா”, “மைக் சாப்பிட்டாச்சா?”, “மேக்கப் இன்னும் வரலையே”. கையில் எதைப் பிடித்திருக்கிறோமோ அதுதான் எங்கள் பெயர். செட் போடுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, அவருடைய கடைப் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், போர்டிலும் வரும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பட்டம் கொடுக்கக் காசு செலவாகாது. அதனால்தான் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு ஒரு குழுவில் திடீரென்று “ஒளி ஓவியர்” என்று போட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் முழுக்கக் கூலி ஏறவில்லை, கேட்டால் “உங்களைக் கலைஞராத்தானே மதிக்கிறோம், நீங்க போய்க் காசு பேசலாமா” என்று பதில். அதற்குப் பிறகு யாராவது ஓவியர், சிற்பி என்று ஆரம்பித்தாலே நான் முதலில் கவரைத்தான் பார்ப்பேன்.

நீ கேட்கவேண்டியது வேறு. ஷோ முடிந்து நடிகர்கள் மேக்கப் கலைத்துச் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் நாம் ஒன்றரை மணி நேரம் இறக்கிக்கொண்டிருப்போம். அப்போது நமக்கு மிச்சம் இருப்பது ஆறிப்போன இட்லியும் அடியில் தங்கிய சாம்பாரும். பொட்டலத்தை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆட்டோவுக்குத் தனியாகக் காசு கேள், நீ பெண் பிள்ளை, அது சலுகை இல்லை. ஏணி பிடிக்க ஓர் ஆள் கேள். தனியாக ஏணியில் ஏறி லைட் கட்டச் சொல்கிறவன் உன்னை எந்தப் பட்டம் சொல்லி அழைத்தாலும் அவன் உன்னை மதிக்கவில்லை.

பெயர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். கல்கத்தாவில் தாபஸ் சென். 1959-ல் உத்பல் தத் குழு மினர்வா தியேட்டரில் ‘அங்கார்’ போட்டபோது, சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறித் தொழிலாளிகள் மூழ்குகிற காட்சியை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெளிச்சத்தாலேயே செய்தார். ஜனங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். சங்கீத நாடக அகாதமி விருதும் கொடுத்தார்கள். அவரை யாரும் ‘பாய்’ என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரை ஏற்றி இறக்க அவர் கூட நின்று ஸ்விட்சு போட்டவர்கள் யார் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை பார்.


ப்ராம்ப்ட்_கார்னர்:

அண்ணன் சொல்வதில் சாப்பாடு, ஆட்டோ, ஏணி மூன்றுக்கும் நூற்றுக்கு நூறு. ஆனால் பட்டம் சும்மா என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் லண்டனில் டெபுட்டி ஸ்டேஜ் மேனேஜர் வேலை பார்க்கிறேன், சுருக்கமாக டி.எஸ்.எம். இங்கே அந்தப் பெயர் மரியாதைக்காக இல்லை. ஷோ ஓடும்போது யார் சொன்னால் யார் கேட்கவேண்டும் என்பதற்காக.

எப்படி என்று சொல்கிறேன். மேடையோரம் என் டெஸ்க். முன்னால் ஸ்கிரிப்ட், அதில் ஒவ்வொரு க்யூவும் பென்சிலில். பக்கத்தில் வரிசையாகச் சின்ன ஸ்விட்சுகள், அவற்றின் மறுமுனை லைட் ஆபரேட்டர், திரை இழுப்பவர், மேலிருந்து தட்டி இறக்குபவர் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு பல்பு, ஒரு பச்சை பல்பு. நான் ஸ்டாண்ட்பை கொடுத்தால் சிவப்பு மின்னும். அவர் தன் பக்கத்துப் பட்டனை அழுத்தினால்தான் மின்னுவது நின்று நிலையாக எரியும், எனக்கும் தெரியும், ஆள் தயார் என்று. பச்சை போட்டேன் என்றால் செய்தாக வேண்டும். ஹெட்செட்டில் ‘கோ’ என்ற சொல்லைப் பேச்சுவாக்கில் யாரும் சொல்லமாட்டோம், யாராவது அதையே க்யூ என்று எடுத்துக்கொண்டு இருநூறு கிலோ தட்டியை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? முதல் ஷோ ஆன பிறகு இயக்குநர் இதில் தலையிடமாட்டார். இடையில் வந்து “அந்த லைட்டைக் கொஞ்சம் முன்னாடியே போடச் சொல்லும்மா” என்று காதைக் கடிக்க முடியாது. பொறுப்பு இருக்கிற இடத்தில் பெயரும் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆளாளுக்கு க்யூ கொடுப்பார்கள்.

நடிகர்களை அழைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. திரை தூக்க முப்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது ‘ஹாஃப்’ என்று அறிவிப்போம், இருபது நிமிடத்தில் ‘க்வார்ட்டர்’, பத்து நிமிடத்தில் ‘ஃபைவ்’, ஐந்து நிமிடத்தில் ‘பிகினர்ஸ்’, அதாவது முதலில் மேடையில் வருபவர்கள் இடத்துக்கு வரவேண்டும். எல்லாவற்றிலும் ஐந்து நிமிடம் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள், கணக்கு திரை தூக்குவதற்கு இல்லை, முதல் ஆட்கள் இடத்தில் நிற்பதற்கு. அமெரிக்காவில் “ஐந்து நிமிடம்” என்று சொன்னால் நடிகர்கள் “நன்றி, ஐந்து” என்று திருப்பிச் சொல்வது வழக்கம். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் சொல்லவேண்டும். அதில் பணிவு எதுவும் இல்லை, காதில் விழுந்தது என்பதற்கு அத்தாட்சி. ஆனால் தினமும் நூறு பேர் நன்றி சொல்லிப் பழகிய இடத்தில் யாரும் யாரையும் “ஏய் பாய்” என்று கூப்பிடமாட்டார்கள், அது தானாக வருகிற பலன்.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கேயும் ஸ்டேஜ் மேனேஜ்மென்ட் ஒரு கட்சி, க்ரூ ஒரு கட்சி, அன்றாடக் கூலிக்கு வந்து லாரி இறக்குகிறவர்களின் பெயர் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெரும்பாலும் வராது. ஆனால் மேலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் முதலில் பார்த்தவர் “ஹெட்ஸ்!” என்று கத்தவேண்டும், அன்றைக்குத்தான் சேர்ந்த பையனாக இருந்தாலும். கத்தியதும் மொத்த மேடையும் நின்றுவிடும்.

உங்கள் விஷயத்தில் ‘மேலாளர்’ என்று போட்டுவிட்டு, க்யூவை மட்டும் இயக்குநரே விங்கில், அதாவது மேடையோர மறைவில், நின்று கையாட்டிக் கொடுப்பார் என்றால், அந்தப் பெயரை வாங்காதீர்கள். தப்பு நடந்தால் மட்டும் நீங்கள்தான் மேலாளர் என்று ஞாபகம் வரும்.


விங்_ஓரம்:

கையாட்டுவது நடக்கிறது :( ஒரே நேரத்தில் நான் ஹெட்செட்டில் ஒன்று சொல்ல, அவர் கையில் ஒன்று காட்ட, லைட் அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஹெட்செட் என்றேனே, அது வாட்ஸாப் கால்தான்.


ராஜபார்ட்_ரசிகன்:

மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். திருவிழாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ நடக்கும். நடிகர்கள் ஒரே குழு கிடையாது, தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள், சில சமயம் நாயகனான ராஜபார்ட்டும் நாயகியான ஸ்திரீபார்ட்டும் அன்றைக்குத்தான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லாமல் அது ஓடுகிறது என்றால் யார் எந்த வேலை என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான். ராஜபார்ட் என்றால் ராஜபார்ட், பபூன் என்றால் பபூன், ஆர்மோனியம் என்றால் ஆர்மோனியம். ஆல்ரவுண்ட் என்று தாளக் கருவிகள் வாசிக்கிற ஒருவர் இருப்பார், பபூன் தடுக்கி விழுந்தால் ‘டமால்’, இடுப்பை ஆட்டினால் அதற்கொரு சத்தம். அவர் பெயருக்கு முன்னாலும் ஆல்ரவுண்ட் என்றுதான் அச்சாகும், அதில் அவருக்குப் பெருமைதான். ஆக, பதவிப் பெயர் என்பதே இங்கிலீஷ் தியேட்டர்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நோட்டீஸை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். நடிகர்கள் போட்டோவோடு மேலே. வாத்தியக்காரர்கள் அதற்குக் கீழே. அடியில் சீன் செட்டு, ஒலி ஒளி, இன்ன ஊர் இன்ன சவுண்ட் சர்வீஸ் என்று வரும். சரி, பின்னால் வேலை செய்பவர்களுக்கும் மரியாதை இருக்கிறது என்று தோன்றும். இல்லை. அங்கே வருவது சாமானின் முதலாளி பெயர். தர்பார் படுதாவை இறக்கிக் காட்டுப் படுதாவை ஏற்றுகிற பையன் பெயரோ, விடிகாலை மூன்று மணிக்கு ஜெனரேட்டர் பக்கத்திலேயே சாக்கு விரித்துக் கண் அசருகிறவர் பெயரோ வராது. பழைய_டிம்மர் அண்ணன் செட் போடுகிறவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்றது இதனால்தான். தட்டி அவருடையது. கைக்குக் கிடைக்காத பெயர் பொருளுக்குக் கிடைக்கிறது.

உங்கள் லேப்டாப் நண்பரையும் இந்தக் கணக்கில் பாருங்கள். லேப்டாப் அவருடையதுதானே?


வட்டத்துக்குள்:

நான் எதிர்க்கட்சி. எங்களுடையது சின்னக் குழு, நவீன நாடகம், மேடைகூடக் கிடையாது, மொட்டை மாடி, பள்ளிக்கூட வகுப்பறை என்று கிடைத்த இடத்தில் போடுவோம். எங்களிடம் யாருக்கும் பதவி இல்லை. நடிப்பவரே தரையைப் பெருக்குவார், பெருக்கியவரே விளக்குப் போடுவார். தேசிய நாடகப் பள்ளியில் அல்காசி இயக்குநராக இருந்தபோது மாணவர்களைப் பெருக்கவும் கழுவவும் வைத்தது மட்டுமில்லாமல், தானும் இறங்கிச் செய்தார் என்று அங்கே படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறார், கட்டைகளைக் கட்ட அடுத்த வேஷக்காரர் உதவுகிறார், அவர் நுழைவதற்கு முன்னால் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்கிறார்கள், அந்த இருவருக்குப் பதவிப் பெயரா கொடுத்திருக்கிறார்கள்? பதவி வந்த மறுநாளே “அது என் டிபார்ட்மென்ட் இல்லை” என்ற பேச்சும் வரும். கவிழ்ந்த தண்ணீரைத் துடைக்க நாலு மேலாளர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.


விங்_ஓரம்:

வட்டத்துக்குள், ஒரே ஒரு கேள்வி. உங்கள் குழுவில் கடைசியாகப் பெருக்கியது யார்? அதற்கு முந்தின தடவை? நானும் அப்படியொரு குழுவில் இருந்துவிட்டுத்தான் வந்தேன். எல்லாரும் எல்லா வேலையும் செய்யலாம் என்று சொன்ன இடத்தில் டீ வாங்கியதும், துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து இஸ்திரி போட்டதும், பெருக்கியதும் நாங்கள் மூன்று பெண்கள். இயக்கத்தை மட்டும் யாரும் எங்களிடம் பங்கு வைக்கவில்லை.


வட்டத்துக்குள்:

…சரி. பெருக்குவது பெரும்பாலும் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். முறை வைத்து எழுதி ஒட்டவேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். அதற்கும் பதவிப் பெயருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் இப்போதும் சொல்வேன்.


சபா_முன்வரிசை:

நான் மேடைக்குப் பின்னால் போனதே இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆள். ஆனால் பழைய நாடகக் கதைகளில் கொஞ்சம் பைத்தியம். அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளவும்.

பட்டம் கொடுப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ராஜமாணிக்கம், ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேஷம் போட்டு ‘நவாப்’ ராஜமாணிக்கம் ஆனார். டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்து ‘ஔவை’ சண்முகம் ஆனார். வி.சி.கணேசன், அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நின்றதைப் பார்த்துப் பெரியார் சொன்ன ஒரு சொல்லால் காலத்துக்கும் சிவாஜி. எல்லாமே போட்ட வேஷத்தின் பெயர். வேஷம் போடாதவனுக்கு ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால்தான் அவர் ‘லைட்’டாகவும் ‘மைக்’காகவும் நின்றுவிடுகிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை. நடிகர்களுக்கும் ஒரு காலத்தில் மரியாதை இருந்ததில்லை, கூத்தாடி என்பது வசவுதான். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதற்கு ஒரு காரணமே படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் மேடை ஏறினால் அந்த அவப்பெயர் போகும் என்பது. ஓரளவு போகவும் செய்தது. அவரே அப்புறம் நீதிபதியாகவும் இருந்தார். இன்னொரு பக்கம் பாய்ஸ் கம்பெனிகள். எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் அங்கே பசிக்கும் அடிக்கும் பழகிய பையன்கள்தான். ‘பாய்’ என்ற பெயர் முதலில் நடிகனுக்குத்தான் இருந்தது! அவர்கள் வளர்ந்து திலகமாகவும் தலைவராகவும் ஆனார்கள். அந்தப் ‘பாய்’ மேடையை விட்டுப் போகவில்லை, முன்னாலிருந்து இறங்கிப் பின்னால் லைட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. (இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று ஆதாரம் காட்டச் சொல்லாதீர்கள், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.)

ஆர்.எஸ்.மனோகரின் புராண நாடகங்களுக்கு எங்கள் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போவார். தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் அலைமோதும். கண்முன்னால் ஆள் மறைவார், அடுத்த நொடி வேறு இடத்தில் நிற்பார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையேதான் பேசுவோம். அந்தக் கயிற்றை இழுத்தது யார் என்று அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை. மனோகர் மறைந்தார், மனோகர் வந்தார், அவ்வளவுதான். ரசிகர்களாகிய நாங்களும் இந்தக் குற்றத்தில் கூட்டுதான். அதனால் கேளுங்கள் அம்மா, தாராளமாகக் கேளுங்கள். தலைக்கனம் என்பார்கள் என்றால், சொல்கிறவர் தன் பெயரைப் போஸ்டரில் எந்த அளவு எழுத்தில் போட்டிருக்கிறார் என்று ஒரு ஸ்கேல் எடுத்துப் போய் அளந்து பாருங்கள்.


ஃபேடர்:

சவுண்ட் ஆள். எங்கள் கதை இன்னும் மோசம், நன்றாகச் செய்தால் யாருக்கும் கேட்காது, சொதப்பினால் மொத்த அரங்கமும் திரும்பிப் பார்க்கும். காலர் மைக்கில் பாட்டரி போனால் நடிகர் வெறுங்கையை எங்கள் பக்கம் விரிப்பார் பாருங்கள், அந்த விரிப்பில் அத்தனை வசவும் இருக்கும்.

நம் ஊர் மட்டுமில்லை என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவில் பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருதில் ஒலியமைப்புக்குத் தனிப் பிரிவு இருந்தது. 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். வாக்களிப்பவர்கள் பலருக்கு அந்த வேலையை எப்படி எடைபோடுவது என்றே தெரியவில்லை என்பது அப்போது அடிபட்ட காரணங்களில் ஒன்று. அதாவது எனக்குப் புரியவில்லை, ஆகவே உனக்குப் பரிசு இல்லை. துறைக்காரர்கள் விடாமல் சத்தம் போட்டு, 2018 விருதுகளில் மறுபடி வந்தது. நடுவில் விருது இல்லாத அந்த மூன்று வருஷமும் அங்கே யாரும் கத்திப் பேசி நாடகம் நடத்தவில்லை, அதே ஒலியமைப்பாளர்கள் அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

பழைய_டிம்மர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. பட்டம் கொடுத்துக் காசைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் பட்டம் இல்லாதபோது காசு கேட்பதும் கஷ்டம்தான் அண்ணே. அடுத்த குழுவில் போய் “முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க” என்று கேட்டால் “நண்பர்கள்” என்றா சொல்வது? எனக்கு ஒரு கல்லூரியில் வகுப்பெடுக்கும் வாய்ப்பு வந்தது, அவர்கள் கேட்டது பழைய அழைப்பிதழ்கள்தான். தேடிப் பார்த்தேன், பாதியில் என் பெயர் இல்லை, மீதியில் இனிஷியல் தப்பு.


பழைய_டிம்மர்:

தம்பி சொன்னது நியாயம். நான் அடுத்த இடத்தில் போய் என்ன காட்டுவது என்று யோசித்ததில்லை, எங்கள் காலத்தில் ஆள் முகம் தெரிந்தால் போதும், வேலை கிடைத்துவிடும். இப்போது பிள்ளைகள் வெளியூர் வெளிநாடு என்று போகவேண்டியிருக்கிறது, காகிதம் வேண்டும்தான். இருந்தாலும் தங்கச்சி, ‘ஓவியர்’ வேண்டாம். என்ன வேலையோ அதை நேராகப் போடச் சொல்.


விங்_ஓரம்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று லைட் அண்ணனிடமே முதலில் கேட்டேன், அவரைக் கேட்காமல் அவருக்காகப் போராடுவது அசிங்கம் என்று பட்டது. “எனக்குப் பேரு போட்டா போதும்மா, முழுப் பேரு. எங்க ஊர்ல நோட்டீஸ எடுத்துட்டுப் போய்க் காட்டுவேன். ‘பாய்’ வேணாம், பேரன் பொறந்தாச்சு” என்றார். பதவி என்ன போடலாம் என்றதற்கு “லைட்டுனு போடு, அதுதானே வேலை” என்றார்.

இயக்குநரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். பெயரை மட்டும் கேட்காமல் க்யூ யார் கொடுப்பது என்பதையும் சேர்த்தே பேசுவதாக இருக்கிறேன். டெக்னிக்கல் டைரக்டர் விஷயத்தை எடுக்கலாமா என்றுதான் தயக்கம். அவரும் நல்ல மனிதர்தான், பிஸ்கட் எல்லாம் வாங்கி வருவார்.


ப்ராம்ப்ட்_கார்னர்:

எடுங்கள், ஆனால் அவரைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அது சண்டையில் முடியும். வேலையைக் கேளுங்கள். டெக்னிக்கல் டைரக்டர் என்றால் பொதுவாக செட், லைட், சவுண்ட் எல்லாம் பாதுகாப்பாக ஏறி இறங்குவதற்குப் பொறுப்பு அவருடையது. “அப்போ ஏணியும் வயரிங்கும் அவர் பார்த்துக்கொள்வாரா சார்?” என்று அப்பாவியாகக் கேட்டுப் பாருங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றால் உங்களுக்கு ஒரு தலைவலி போயிற்று. இல்லை என்றால் அவரே ‘காணொளி’ என்று மாற்றிக்கொள்வார்.

க்யூ விஷயத்தில், இயக்குநர் கையாட்டுவதை ஒரே நாளில் நிறுத்த முடியாது. முதல் முழு ஒத்திகையில் அவரைப் பார்வையாளர் வரிசையின் நடுவில் உட்கார வைத்துவிடுங்கள், நோட்டும் பேனாவும் கொடுத்து. விங்கில் அவர் நிற்க இடமே இல்லாதபடி உங்கள் பொருள் மேஜையைப் போடுங்கள். அப்புறம் வாட்ஸாப் காலை விடுங்கள், சிக்னல் போனால் கதை கந்தல். இரண்டு பல்பு, ஒரு வயர், இரண்டு ஸ்விட்சு, லைட் அண்ணனே அரை மணியில் செய்து தருவார்.


ராஜபார்ட்_ரசிகன்:

நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ப்ரூஃபை நீங்களே வாங்கிப் பாருங்கள். வாயால் ஒத்துக்கொண்டு அச்சில் “மற்றும் பலர்” என்று போய்விடும், இடம் பத்தவில்லை என்பார்கள். பெயர்களை எழுத்துப்பிழை இல்லாமல் டைப் செய்து நீங்களே அனுப்பிவிடுவது நல்லது, இனிஷியலோடு.


விங்_ஓரம்:

ப்ரூஃப் வியாழக்கிழமை வருகிறதாம். லைட் அண்ணன் இனிஷியலைக் கேட்டு வாங்கிவிட்டேன், இரண்டு எழுத்து. பல்பும் வயரும் தன் வீட்டிலேயே கிடக்கிறது, கொண்டுவருகிறேன் என்கிறார்.